ஒரே காயின் விதைகள்

…ஒரே காய், அதற்குள் பதினேழு விதை, முளைத்தது ஒன்பது, அந்த ஒன்பதில் ஐந்து செடிக்கு இலையின் அடிப்பக்கம் பிசுபிசுவென்று சுரப்பிகள் உண்டு, மீதி நான்குக்கு இல்லை, அவ்வளவுதான், நாலே வரி, இருபத்திரண்டு வருடத்தை நாலே வரியில் முடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டான் மனுஷன், அதுவும் என்ன கையெழுத்து, மருந்துப் புட்டிகளின் மேல் கிறுக்குகிற கோழிக்கிறுக்கல் இல்லை இது, ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாக, நிறுத்தி நிதானமாக, படிக்கப்போகிறவருக்குக் கண் மங்கிவருகிறது என்று தெரிந்தே எழுதியதுபோல… வல்பியேர் ஊரின் பங்குச்சாமியார் பரோ பூசை அங்கிக்குள் கையை நுழைத்தார், கை வெளியே வரவில்லை, எங்கே போகிறது இந்தக் கை, இன்னும் உள்ளே விட்டார். "சாமி, அது கழுத்து. கை இந்தப் பக்கம் இருக்கு," என்றார் பூசைக்கு உதவும் கோயில்பிள்ளை ஃபுல்ஜான்ஸ், அங்கியை உருவித் திருப்பிக் கொடுத்தார். "முப்பது வருசமா நீங்களே போட்டுக்கறதுதானே. இன்னிக்கு என்ன ஆச்சு? எதிராளி போயிட்டாருன்னு கை கால் ஓடலையா?" எதிராளி. ஊரே அப்படித்தான் சொல்கிறது, மருந்துக்கடை சராசேனும் சாமியாரும் கீரியும் பாம்பும் என்று. கடவுள் இல்லை என்று முப்பது வருடம் கடைவாசலில் நின்று சொன்னவன், கோவில் பக்கம் வந்ததெல்லாம் தன் செடி ஆராய்ச்சிக்கு வடக்குச் சுவரில் பாசி சுரண்டத்தான், அந்தச் சராசேனுக்கு இன்று கோவில் அடக்கம், மனைவி கிளெமான்ஸ் பிடிவாதமாகக் கேட்டாள், இவரும் சரி என்றார், அதோடு விட்டிருந்தால் தேவலை. காலையில் கதவு திறக்கும் முன்பே வந்து நின்று ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினாள். "சாமி கையில மட்டும் குடுன்னு சொன்னாரு. வேற யாருக்கும் இல்லைன்னாரு. என்னன்னு நான் பிரிச்சுப் பார்க்கல." அதைப் படிக்காமல் இருந்திருக்கலாம், பூசை முடியட்டும் என்று வைத்திருக்கலாம், யாரால் முடியும், இப்போது அது உள்ளங்கியின் பையில் கிடக்கிறது, நடக்கும்போதெல்லாம் தொடையில் இடிக்கிறது.

சவப்பெட்டி வாசலில் வந்து நிற்கிறது, தீர்த்தம் தெளிக்க வேண்டும், எதிரே காப்பிக்கடையில் சராசேனின் நாத்திகச் சங்கக் கூட்டாளிகள் ஏழெட்டுப் பேர், தலையில் தொப்பியோடு, கையில் கோப்பையோடு, ஒருவரும் உள்ளே வரப்போவதில்லை, வந்தால் கொள்கை கெட்டுவிடும், இவர்களுக்கு மட்டும் என்ன, தங்கள் மரணத்துக்கு இன்னும் காலம் இருக்கிறதென்று நினைப்பு… தெளித்தார், எத்தனை முறை தெளித்தோம், மூன்றா நான்கா. மாட்டு வைத்தியர் ரவினே தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுத்தார். "உசிரோட இருந்தவரைக்கும் உங்க கையில சிக்கல. மூச்சு நின்னதும் புடிச்சுப்போட்டுட்டீங்களே சாமி!" சிரிப்பு. கிளெமான்ஸ்தான் திரும்பினாள், முக்காட்டைக்கூட விலக்காமல். "ரவினே, அவரு எனக்குப் புருசன். ஒங்க சங்கத்துக்குக் கொடி இல்ல. மொதல்ல தொப்பியக் கழட்டு." தொப்பி கழன்றது. நல்ல பெண்பிள்ளை, முப்பத்தைந்து வருடம் அவனோடு குப்பை கொட்டியவளுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்… பிடித்துப்போட்டுவிட்டேனாம். யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று அந்த ரவினேவுக்கு என்ன தெரியும். நாலு வரி. தேதி போட்டிருக்கிறான், ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தைந்தாம் வருடம் ஜூன் மாதம் ஒன்பதாம் நாள், எல்லாச் செடியும் பூத்துவிட்டன என்று. இப்போது எண்பது. ஐந்து வருடம் இதைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே மருந்துக்கடையில் உட்கார்ந்து இருமல் மருந்து கலக்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

பீடத்தின் முன் நின்றார், லத்தீன் தானாக வந்தது, நாக்குக்குப் பழகிய தடம், மனம் அதன் கூடப் போக வேண்டியதில்லை, போகவும் இல்லை, மனம் மேசையின் மேல் கிடக்கும் கட்டுக்குப் போய்விட்டது, கடைசி எட்டுத் தாள், பிழை பார்த்துக் கட்டி வைத்தாயிற்று, நண்பகல் தபால் வண்டியில் லியோன் அச்சகத்துக்குப் போக வேண்டும், இந்த மலைப்பக்கத்துச் செடிகொடிகள் அத்தனையும் அடங்கிய, இவர் எழுதிய புத்தகம், ஆயிரத்து நானூறு இனம், அதில் ஒன்றே ஒன்று இவர் கண்டுபிடித்தது, முந்நூற்றுப் பதினோராம் பக்கம், வெளிர்நிறக் காட்டு ரோஜா, இலையைக் கசக்கினால் ஆப்பிள் தோல் வாசனை, சாதாரண வேலி ரோஜாவுக்கு அந்தச் சுரப்பியும் இல்லை, வாசனையும் இல்லை, ஆகவே இது தனி இனம் என்று இவர், இல்லை, இரண்டும் ஒன்றுதான், ஒரே வீட்டில் ஒரு பிள்ளை கறுப்பு ஒரு பிள்ளை சிவப்பு என்பதைப்போல என்று சராசேன். இதற்காகத்தான் இருபத்திரண்டு வருடச் சண்டை. இரண்டு வீட்டுக்கும் நடுவே முந்நூறு அடிகூட இல்லை, நேரில் பார்த்தால் வணக்கம், மழை வரும்போலிருக்கிறது, அவ்வளவுதான் பேச்சு, சண்டையெல்லாம் கடிதத்தில், தபால்காரன் இவர் கடிதத்தை வாங்கித் தெருவைக் கடந்து அங்கே கொடுப்பான், நாலு நாள் கழித்து அங்கிருந்து வாங்கித் தெருவைக் கடந்து இங்கே கொடுப்பான். இப்போது ஒரே காயில் இரண்டு வகையும் முளைத்திருக்கிறது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் எப்படி இரண்டு இனமாக முடியும், முடியாது, முடிந்தது கதை… மெழுகுவர்த்தி எத்தனை அருகில் எரிகிறது. நோட்டை எடுத்து ஒரே ஒரு பக்கத்தை, வேண்டாம், என்ன நினைப்பு இது, பூசை நடுவில். ஆனால் யாருக்கும் தெரியாதே, அவளே பிரித்துப் பார்க்கவில்லை என்கிறாள், சமையலறை அடுப்பு போதும், புத்தகம் நண்பகல் வண்டியில் போகும், முந்நூற்றுப் பதினோராம் பக்கம் அப்படியே இருக்கும், ரோசா பெர்பெத்துவே என்று இவர் வைத்த பெயரும் அப்படியே இருக்கும்.

பெர்பெத்துவா என்றால் புனிதையின் பெயர் என்று தாவரவியல் சங்கத்துக்கு எழுதினார், சாமியார் புனிதையின் பெயர் வைக்காமல் யார் பெயர் வைப்பார் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள், சராசேன் மட்டும் கடிதத்தின் ஓரத்தில் கிறுக்கினான், எந்தப் பெர்பெத்துவா, பஞ்சாங்கத்தில் இருப்பவரா, ஆற்றங்கரையில் ஊரார் துணி துவைத்தவரா என்று. அதற்கு இவர் ஒரு மாதம் பதில் போடவில்லை. எப்படித் தெரிந்தது அவனுக்கு? அம்மா பெயர் யாருக்குத் தெரியும் இந்த ஊரில்? ஆனால் அவனுக்கும் முழுசாகத் தெரியாது, யாருக்கும் தெரியாது, பாவசங்கீர்த்தனத்தில்கூட இவர் அதைச் சுற்றிவளைத்துத்தான் சொல்லியிருக்கிறார், தாமதம் என்ற பாவம் என்று, பிஷப்கூடப் புரிந்துகொள்ளாமல் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார்… அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று ஆள் வந்து சொன்னான், ஜூன் மாதம், நாலு மணி நேர நடை, மலை ஏறி இறங்க வேண்டும், ஏறிக்கொண்டிருந்தார், உண்மையிலேயே வேகமாகத்தான் ஏறினார், சுண்ணாம்புப் பாறைச் சரிவில் அது பூத்திருந்தது, வெளிறிப்போய், ஏதோ தவறு நடந்ததைப்போல, ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் நின்றார். ஒரு கொம்பு ஒடித்தார். பூ வாடினால் நிறம் போய்விடும், அங்கேயே குறிப்பெழுதினார், இதழை அளந்தார், கீழ்ச்சரிவில் இன்னும் இருக்கிறதா என்று இறங்கினார், இருந்தது, இன்னும் கீழே, அங்கேயும். சூரியன் எங்கே போயிற்று என்று நிமிர்ந்தபோது மூன்று மணி நேரம் போயிருந்தது. வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுக்காரி நின்றுகொண்டு, "இப்பத்தான் தம்பி… இன்னும் ஒரு மணி நேரம் முன்னால வந்திருந்தா…" என்றாள். தோளில் செடி போடும் தகரப்பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா கையைப் பிடித்தார், தன் விரலில் ஆப்பிள் வாசனை. புதிய இனம், உலகத்தில் யாரும் பார்த்திராத இனம், அதற்காகத்தான் நின்றேன், அதற்காக ஒரு மனிதன் நிற்கலாம் இல்லையா, அப்படி என்றால் அதற்கு ஒரு… ஆனால் அது வெறும் வேலி ரோஜா என்றால்? எந்தப் பள்ளத்திலும் எந்தச் சந்திலும் பூக்கிற வேலி ரோஜா, கொஞ்சம் பிசுபிசுப்பு கூடியது, அவ்வளவுதான் என்றால், அந்த மூன்று மணி நேரம் எதற்கு?

மணி அடித்தது. ஏன் மறுபடி அடிக்கிறான் ஃபுல்ஜான்ஸ்? ஓ, அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றம் முடிந்து எவ்வளவு நேரமாகக் கையை விரித்தபடி நிற்கிறோம், பின்னால் இருமல்கள். "சாமி… சாமி… நித்திய இளைப்பாற்றி," என்று அடிக்குரலில் எடுத்துக்கொடுக்கிறான், தெரியும் போ, தெரியும், எனக்கு நீ சொல்லித்தருகிறாயா… எழுபத்தைந்து ஜூன். அப்படியென்றால் அதே வருடம் நவம்பரில் வந்த கடிதம்? வாசனையைப் பற்றி எழுதியிருந்தான், மழை பெய்த மறுநாள் எல்லா ரோஜா இலையும் கொஞ்சம் மணக்கத்தான் செய்யும் என்று, படித்துவிட்டு இவர் தனியாக உட்கார்ந்து சிரித்தார், சராசேனுக்கு வயதாகிவிட்டது, புத்தி மழுங்குகிறது என்று, எட்டுப் பக்கம் பதில் எழுதி அவனைத் துவைத்துக் காயப்போட்டார். அதற்குப் பிறகு வந்ததெல்லாமே அப்படித்தான், சொத்தையான வாதங்கள், ஒரு குட்டுக்குத் தாங்காதவை, இவர் ஒவ்வொன்றாக உடைத்தார், உடைத்த ஒவ்வொரு இரவும் நன்றாகத் தூங்கினார். அவன் கையில் ஒன்பது செடி பூத்து நின்றிருக்கிறது. தோற்பதற்கென்றே எழுதியிருக்கிறான். எதற்கு? இரக்கமா? என் மேல் இரக்கப்பட இவன் யார்? ஆற்றங்கரையில் துணி துவைத்தவரா என்று கேட்டானே, அன்றே எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டானா, பாவம் சாமியார், ஒரு பூவை வைத்துக்கொண்டு நிற்கிறார், விட்டுவிடுவோம் என்றா? அல்லது உள்ளுக்குள் சிரித்தானா, மனைவியிடம் படித்துக்காட்டி? முகம் சூடேறியது, இறந்தவன் மேல் இவ்வளவு கோபம் கூடாது, அவன் ஆன்மாவுக்காகத்தான் இப்போது மன்றாட வேண்டும், பெயர் சொல்லி மன்றாட வேண்டும், ஆண்டவரே, உம்முடைய அடியார்… சொன்னார். சொல்லிய பிறகுதான் தன் குரல் தன் காதுக்குக் கேட்டது. பெர்பெத்துவா. இப்போலித் என்று சொல்ல வேண்டிய இடத்தில் பெர்பெத்துவா என்று சொல்லியாயிற்று. ஃபுல்ஜான்ஸின் தலை நிமிர்ந்தது. கோவிலில் லத்தீன் தெரிந்தவர்கள் யார், யாருக்குப் புரிந்திருக்கும், புரிந்திருக்காது. திரும்பச் சொன்னார், இந்த முறை சரியாக, இப்போலித், இப்போலித் சராசேன், இரண்டு தடவை.

கல்லறைத் தோட்டத்தில் மண் ஈரமாக இருந்தது. ரவினேவும் மற்றவர்களும் சுவருக்கு வெளியே வரிசையாக நின்றார்கள், வாசலைத் தாண்டுவதா வேண்டாமா என்று, கடைசியில் ரவினே மட்டும் வந்தார், தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு, "ரெண்டு வார்த்தை பேசலாமா?" என்று கேட்டார், கேட்ட விதத்தில் காலையில் கத்தியவர் இல்லை அவர். இவர் ஒதுங்கி இடம் விட்டார். ரவினே குழிக்குள் பார்த்தார். "நல்லா சீட்டாடுவான்," என்றார். மூக்கைச் சீந்திக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். இவ்வளவுதானா? முப்பது வருடச் சிநேகம்… எனக்கு என்ன உறவு அவனோடு, சீட்டுகூட ஆடியதில்லை, ஒரு கிளாஸ் வைன் சேர்ந்து குடித்ததில்லை, ஆனால் பனியில் கால் வைக்கும்போதும், உப்பில்லாத சூப்பைக் குடிக்கும்போதும், மனதுக்குள் எப்போதும் அவனுக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், அன்புள்ள முசியே, தங்கள் கடிதத்தின் மூன்றாவது பத்தியில்…

திரும்பும் வழியில் கிளெமான்ஸ் பக்கத்தில் வந்து நடந்தாள், மற்றவர்களை முன்னால் போகவிட்டு. "பேர மாத்திச் சொன்னீங்க சாமி."

"வயசாயிடுச்சு மதாம். மன்னிச்சுக்கணும்."

"மன்னிக்க என்ன இருக்கு. அது ஒங்க அம்மா பேருதானே?"

இவர் நின்றுவிட்டார். ஆமாம் என்று தலை தானாக அசைந்தது. இந்த ஊரில் இதற்கு அது அசைவது இதுதான் முதல் முறை.

"அவரு அப்பவே சொன்னாரு, அப்படித்தான் இருக்கும்னு," என்றாள் கிளெமான்ஸ். "ஒங்க கடுதாசி வந்தா அன்னிக்குக் கடைய சீக்கிரம் சாத்திடுவாரு. எனக்கும் படிச்சுக் காட்டுவாரு. எனக்கு ஒரு எழவும் புரியாது."

"சிரிப்பாரா?"

"யாரு, அவரா? மேசையத் தட்டுவாரு. 'இந்தச் சாமியாரு இருக்காரே'ம்பாரு. அதுக்கு மேல சொல்ல மாட்டாரு." கொஞ்சம் நடந்தாள். "அந்த நோட்டு விசயம் கொஞ்சம் தெரியும் எனக்கு. பொய் சொல்லக்கூடாது. ஏன் அவருக்கு அனுப்பலைன்னு ஒரு நாள் கேட்டேன். அனுப்பினா சாமி ஒத்துக்குவாரு, ஒத்துக்கிட்டா அப்புறம் யாரு எனக்கு எழுதுவான்னாரு. இன்னொரு நாள் கேட்டேன். ஒனக்கென்னடி அதப்பத்தி, போய் அடுப்பப் பாருன்னாரு. எது நெசமோ." பிறகு, வேறு ஏதோ ஞாபகம் வந்தவளாக, "அந்தச் செடிங்க லாயத்துக்குப் பின்னால இருக்கு சாமி. முள்ளு பாதைய அடைக்குது. வெட்டச் சொல்லியிருக்கேன். அதுக்கு முன்னால ஒரு தடவ பாக்கறீங்களா?"

பார்க்க வேண்டாம், நேரம் இல்லை, தபால் வண்டி வரும், கட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும், கால்கள் அதற்குள் லாயத்தைச் சுற்றிக்கொண்டு போய்விட்டன. ஒன்பது புதர், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, ஆள் உயரம், எல்லாம் பூத்திருக்கின்றன. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார், நோட்டு கூடவே வந்து மண்ணில் விழுந்தது, முதல் செடி, சுரப்பி இல்லை, இரண்டாவது, இல்லை, மூன்றாவது, இருக்கிறது, கண்ணாடி தேவையே இல்லை, விரலுக்கே தெரிகிறது, கசக்கினார், அந்த வாசனைதான், அந்த வாசனையே, அந்தச் சரிவு, அந்தக் கை… மூச்சை விட்டார். பொய் இல்லை. சராசேன் எண்ணிக்கையில் தப்பு பண்ணுகிறவனும் இல்லை. ஐந்து, நான்கு. ஒரு காய். சரி முசியே, ஒத்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தார், ஒத்துக்கொள்கிறேன், ஒத்துக்… பூவின் மேல் ஒரு தேனீ வந்து உட்கார்ந்தது. உள்ளே புரண்டது, மஞ்சள் பொடியோடு எழுந்து அடுத்த செடிக்குப் போயிற்று. இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டென்று குனிந்து நோட்டை எடுத்துப் புரட்டினார், அந்தப் பக்கம், அதற்கு முந்திய பக்கம், அதற்கும் முந்தியது. காய் எந்தச் செடியில் பறித்தது என்று இருக்கிறது, எந்த நாள் என்று இருக்கிறது, எந்த மண், எத்தனை அங்குல ஆழம், எல்லாம் இருக்கிறது. தாய்ப் பூவுக்குத் துணி கட்டியிருந்தானா? அது இல்லை. துணி கட்டாமல் விட்டிருந்தால் தேனீ வேறு ரோஜாவின் பொடியைக் கொண்டுவந்து போட்டிருக்கும், கலப்பு, கலப்பில் இரண்டு வகையும் முளைக்கத்தான் செய்யும், அப்போது இது எதையும் நிரூபிக்கவில்லை, அன்புள்ள முசியே, தங்கள் சோதனையில் ஒரு பெரிய ஓட்டை… ஆனால் இது அவனுக்குத் தெரியாதா? விதைக்கும் ஆழத்தை அங்குலக் கணக்கில் எழுதுகிறவன் துணியை மறப்பானா? மறந்தானா, கட்டிவிட்டு எழுதாமல் விட்டானா, நான் பதில் எழுத ஒரு இடம் விட்டு வைத்துவிட்டுப் போனானா?

"மதாம், காய் பறிச்ச செடியில, பூவா இருந்தப்போ, துணி கட்டியிருந்தாரா? சின்னப் பை மாதிரி?"

"துணியா?" கிளெமான்ஸ் யோசித்தாள். "பத்து வருசம் ஆயிருக்கும் சாமி. எதையாவது கட்டிக்கிட்டேதான் இருப்பாரு. நெனப்பில்ல."

தேவாலய மணி பன்னிரண்டு அடிக்கத் தொடங்கியது, அதோடு சேர்ந்து பாலத்துப் பக்கம் தபால் வண்டியின் கொம்போசை. கட்டு மேசையில் கிடக்கிறது. இப்போது ஓடினால்கூடப் பிடிக்கலாம். அவர் ஓடவில்லை. மூன்றாவது செடியில் நாளைக்கு விரியப்போகிற மொட்டு ஒன்றைத் தேடினார், இன்னும் வாய் திறக்காதது, எந்த வண்டும் தொடாதது, கிடைத்தது. "துணி இருக்கா மதாம்? மெல்லிசா?" அவள் உள்ளே போய்ப் பால் வடிகட்டும் துணியில் ஒரு கிழிசலைக் கொண்டுவந்தாள், நூலும் கொண்டுவந்தாள், கிளையைப் பிடித்துக்கொண்டாள். முடிச்சு விழவில்லை, முள் ஏறியது.

"செடிய வெட்ட வேணாம்னு சொல்லிடவா?"

"வெட்ட வேணாம்."

"எத்தன நாளைக்கு?"

கணக்குப் போட்டார். வேறு பொடி கலக்காத இந்தக் காய் பழுக்க அக்டோபர், விதை முளைக்க இரண்டு குளிர்காலம், பூக்க இன்னும் இரண்டு, மூன்று வருடம். இப்போது அறுபத்திமூன்று வயது. அதுவரை கண் இருக்குமா? எல்லாம் ஒரே மாதிரியாக முளைத்தால் சராசேன் தோற்றான், ரோஜாவும் பெயரும் தப்பின, மூன்று மணி நேரத்துக்கு ஒரு பதில் கிடைத்துவிடும். கலந்து முளைத்தால் அவன் சொன்னதுதான் சரி. முடிச்சை இறுக்கினார். இருபத்திரண்டு வருடமாக எது வேண்டும் என்று இவருக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வந்ததில்லை. இப்போது துணிக்குள் மங்கலாகத் தெரிகிற அந்த மொட்டைப் பார்த்தபடி நின்றார், எது முளைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம் என்று தன்னையே கேட்டார், கொம்போசை பாலத்தைத் தாண்டித் தேய்ந்து போகும்வரை நின்றார்.